நிழலை மறந்த ஓவியங்கள்

ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. அவ்விரு நகரங்களின் பழைய வீடுகளை இன்று ஓவியர் பலர் தீட்டுகின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை அக்ரிலிக் வண்ணத்தில் அமைந்தவை. வாங்குவோரும் மிகுதி, பாராட்டுவோரும் மிகுதி. பழமையைப் போற்றும் இவ்வார்வம் வரவேற்கத்தக்கதே. எனினும் இவ்வோவியங்கள் பலவற்றில் ஒரு பெருங்குறை உண்டு. வீடு இருக்கிறது, வெயிலும் இருக்கிறது, நிழலைக் காணோம். இருந்தாலும் அது கரியைக் கரைத்து ஊற்றியதுபோல் கிடக்கிறது.

இதனைச் சிறு குறை என்று தள்ளுவாரும் உளர். ஆசிரியத் தொழிலில் பல்லாண்டு கழித்த எனக்கு அவ்வாறு தள்ள இயலவில்லை. ஒருநாள் நான்காம் வகுப்பில் வீடு வரையச் சொன்னேன். முக்கோணக் கூரை, இரண்டு சன்னல், மூலையில் ஒரு சூரியன் என எல்லாரும் ஒன்றுபோலவே வரைந்திருந்தனர். "சூரியன் இங்கே இருந்தால் நிழல் எங்கே விழும்?" என்று ஒரு சிறுவனைக் கேட்டேன். "ஐயா, வீட்டைத்தானே வரையச் சொன்னீங்க!" என்றான் அவன். நிழல் வீட்டின் பகுதியன்று என்பது அவன் முடிபு. சிறுவன் அவ்வாறு எண்ணலாம். தேர்ந்த ஓவியன் எண்ணலாமா?

நம் நாட்டுப் பழைய கடைவீடுகளைக் கருதுங்கள். அவை நிழலுக்காகவே கட்டப்பெற்றவை. கடைகளின் முன்னே கூரையுடன் கூடிய நடைபாதை தொடர்ச்சியாக அமைய வேண்டுமென ராபிள்ஸ் 1822ஆம் ஆண்டு சிங்கப்பூர் நகரமைப்புக் குறிப்பில் விதித்தார். நம் மக்கள் 'அஞ்சடி' என்று வழங்கும் நடைபாதை இதுவேயாகும். வெயிலும் மழையும் மாறிமாறித் தாக்கும் இந்நாட்டில் நடப்போர்க்கு அது குடையாயிற்று. குறுகிய முகப்பும் நீண்ட உடலும் கொண்ட அவ்வீட்டின் நடுவே திறந்த முற்றம் ஒன்று ஒளியையும் காற்றையும் உள்ளே இறக்கும். சன்னல்களின் சாய்பலகைகள் வெயிலைத் தடுத்துக் காற்றை விடும். ஆகவே, நிழலை நீக்கி அவ்வீட்டைத் தீட்டுவது, உள்ளிருக்கும் பொருளை விட்டுப் பெட்டியை மட்டும் வரைவதற்கு ஒப்பாகும்.

நம் வெயிலுக்கும் ஒரு தனித்தன்மை உண்டு. நிலநடுக்கோட்டிலிருந்து பினாங்கு ஐந்து பாகையளவும் மலாக்கா இரண்டு பாகையளவும் வடக்கே உள்ளன. நண்பகலில் சூரியன் ஏறத்தாழத் தலைக்குமேல் நிற்கும். அப்போது இறவாணத்தின் நிழல் சுவர்மீது திரைபோல நேரே கீழிறங்கும்; தூணின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கும். காலையிலும் மாலையிலுமோ அது தெருவைக் குறுக்கே கடந்து எதிர்வீட்டுச் சுவரில் ஏறும். அந்நிழல் கறுப்புமன்று. வெயில் படும் செந்நிறத் தரையோட்டிலிருந்து எழும் ஒளி, அஞ்சடியின் மேற்கூரையில் இளஞ்சிவப்பாய்ப் படரும். திறந்த வானின் நீலம் தெருநிழலில் கலக்கும். நிழல் தரும் பொருளுக்கு அருகே அதன் விளிம்பு கூர்மையாகவும், விலக விலக மங்கலாகவும் இருக்கும். இவற்றைக் கண்டவனே நிழலைத் தீட்ட வல்லவன்.

இனி, அக்ரிலிக்கைப் பற்றிச் சிறிது கூறுவோம். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் 1950களின் நடுவில் ஓவியர் கைக்கு வந்தது. எண்ணெய் வண்ணம் உலர நாட்கள் பல ஆகும். இது சில நிமிடங்களில் உலரும். உலர்ந்தபின் நீர் பட்டாலும் கரையாது. ஆதலால் கீழ்ப்பூச்சு கலங்காமல் அதன்மேல் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றலாம். நிழலுக்கு இதைவிட ஏற்ற வாய்ப்பு வேறென்ன? ஆனால் ஓர் இடரும் உண்டு. ஈரமாக இருக்கும்போது இதன் பிசின் பால்போல் வெண்மை காட்டும், உலர்ந்ததும் தெளிந்துவிடும். எனவே வண்ணம் நாம் கலந்ததைவிடச் சற்றுக் கருமையடையும். இதனை அறியாதவர் தீட்டும் நிழல் மறுநாள் பாறைபோல் கனத்துவிடுகிறது. அஞ்சி நிழலையே விட்டுவிடுவோர் ஒருசாரார்; கறுப்பைப் பூசித் தப்பிக்க எண்ணுவோர் மற்றொரு சாரார். ஆழ்நீலத்தையும் சுட்ட காவியையும் நீர்க்கக் கலந்து, ஒவ்வொரு பூச்சையும் உலரவிட்டு ஏற்றினால் நிழலுக்குள்ளே சுவர் தெரியும். சுவருக்குள்ளே காலம் தெரியும்.

இவ்விடத்து இரு மேலைநாட்டு ஓவியங்களை ஒப்புநோக்குவது பயன் தரும். அமெரிக்க ஓவியர் எட்வர்டு ஹாப்பர் 1925இல் 'இருப்புப்பாதையோர வீடு' என்னும் ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 24 அங்குல உயரமும் 29 அங்குல அகலமும் கொண்ட சிறிய படம் அது. பழைய பாணி மாளிகை ஒன்று தனித்து நிற்கிறது. அதன் அடிப்பகுதியை இருப்புப்பாதை மறைக்கிறது. ஆள் எவரும் இல்லை. ஒருபுறம் வெயில், மறுபுறம் நிழல், அவ்வளவே. ஆயினும் ஒரு காலம் முடிந்து மற்றொரு காலம் அவ்வீட்டைக் கடந்து விரைந்துவிட்டது என்பதை அந்நிழலே நமக்கு உரைக்கிறது.

இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி 1967இல் தீட்டிய 'ஒரு பெரிய தெறிப்பு' அக்ரிலிக் ஓவியம். ஏறத்தாழ எட்டடிச் சதுரம். கலிபோர்னியாவின் புதுப்பாணி வீடும் நீச்சற்குளமும் அதில் தட்டையான வண்ணப் பரப்புகளாக உள்ளன. நிழல் பெரும்பாலும் இல்லை. அங்கே அது குறையன்று. நேற்றுக் கட்டிய வீட்டுக்கு நேற்றைய நினைவு ஏது? நம் ஓவியர் பலர் ஹாக்னியின் தட்டைமையை எடுத்து ஹாப்பரின் பொருளுக்குப் பூசுகின்றனர். பிழை வண்ணத்தில் இல்லை; பொருத்தம் அறியாமையில் உள்ளது.

பினாங்கு லீத் தெருவிலுள்ள சியோங் பாட் சே மாளிகையைப் பலர் வரைந்துள்ளனர். அதன் நீலம், அவுரிச் சாயம் கலந்த சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பு மூச்சுவிடும்; சுவரின் ஈரத்தை வெளியே விடும். பழைய சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் தன்மையுள்ள இக்கால வண்ணத்தைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுக் காரை உதிரும் என்பது கட்டடக் காப்பாளர் நன்கறிந்தது. ஓவியத்திலும் அவ்வாறே. குழாயிலிருந்து பிதுக்கிய நீலத்தை அப்படியே அப்பினால் சுவரின் மூச்சு நின்றுவிடுகிறது.

இறுதியாக ஒன்று. நான் பிறந்தது தோட்டத்து லயத்து வீட்டில். தகரக் கூரை, தாழ்ந்த முன்வாசல். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் அம்மாவின் நிழல், விளக்கொளியில் பலகைச் சுவர் முழுதும் பெரிதாய் எழுந்து அசையும். அந்த லயம் இன்று இல்லை. அவ்விடத்தில் செம்பனை நிற்கிறது. அதனை எவரும் தீட்டி வைக்கவில்லை. செல்வர் மாளிகை மட்டுமே வரலாற்று வீடு என்று யார் வகுத்தது? இடிந்த வீட்டுக்கு ஓவியமே பிற்காலத்தில் சான்றாகும். நிழலின்றித் தீட்டினால், அங்கு வாழ்ந்தோர்க்கு வருத்தமே இருந்ததில்லை என்று நம் பேரப்பிள்ளைகள் எண்ணிவிடுவர்.

ஆதலின் ஆசிரிய நண்பர்களே, மாணாக்கரை ஒருநாள் வெளியே அழைத்துச் செல்லுங்கள். எஞ்சியுள்ள ஒரு பழைய வீட்டின் முன் அமர்த்துங்கள். காலை எட்டு மணிக்கும், நண்பகலிலும், மாலை ஐந்து மணிக்கும் நிழலின் எல்லையை மட்டும் கோடிட்டு வரச் சொல்லுங்கள். வண்ணம் பிறகு வரட்டும். நிழலைப் பார்க்கக் கற்ற கண், அந்த வீட்டில் இருந்தவர்களையும் பார்க்கக் கற்கும்.