முள்ளும் நாடாவும்

பழைய ஒலிப்பதிவுக் கருவிகளைப் பற்றித் தமிழ் இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. நாய்ப் படம் போட்ட பெட்டி, பித்தளைக் குழல், கிட்டப்பா, சுந்தராம்பாள், இறுதியில் ஒரு பெருமூச்சு. அப்பெருமூச்சு யாருடையது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அண்மையில் குயிலாப்பாளையத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் கழித்த மாலைப்பொழுது இக்கேள்வியை என்னுள் எழுப்பியது.

அவ்வீட்டில் மூன்று தலைமுறையினர் வாழ்கின்றனர். பெரியவர் எண்பதை நெருங்குபவர். அங்கிருந்து மரக்காணம் உப்பளங்கள் வரையிலான கடலோர ஊர்களில் ஒருகாலத்தில் மைக் செட் கட்டிப் பிழைத்தவர். மகனுக்கு ஐம்பத்தைந்து வயது. அலமாரி நிறையக் கேசட்டுகள் வைத்திருக்கிறார். பேரனுக்கு இருபத்து மூன்று. புதுவையில் வேலை கிடைத்ததும் அவன் வாங்கிய முதற்பொருள் ஒரு ரெக்கார்டு பிளேயர். தாத்தாவின் தகரப் பெட்டியில் எஞ்சியிருந்த தட்டுகளைத் துடைத்து, உடைந்த இரண்டைச் சுவரிலும் மாட்டியிருக்கிறான்.

"இதுலதான் தாத்தா உயிர் இருக்கு" என்றான் பேரன்.

"உயிர் பாட்டுல இருக்குடா. தட்டுல இருக்கிறது கீறல்" என்றார் பெரியவர்.

இந்தச் சிறு வாக்குவாதத்தில் நாம் வழக்கமாக நம்பும் ஒன்று தலைகீழாகிவிடுகிறது. பழமைக்காக ஏங்குபவர் முதியவர் என்றல்லவா நினைக்கிறோம்? இங்கோ, அதைத் தோளில் சுமந்தவருக்கு ஏக்கமே இல்லை. கண்ணாலும் காணாத பேரனுக்குத்தான் தீராத காதல். பிற நாடுகளில் மறைந்த பின்னரும் 78 சுற்று அரக்குத் தட்டுகள் இந்தியாவில் 1960களிலும் அச்சாகிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் மூன்று நிமிடம் பாடும். பிறகு தட்டைத் திருப்ப வேண்டும், எஃகு முள்ளை மாற்ற வேண்டும். கைதவறினால் தட்டு தூள்தான். திருவிழா இரவு முழுவதும் இதைச் செய்தவர் கேசட் வந்த நாளில் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருந்தால் அதில் வியப்பில்லை. அதுவும் பெருமூச்சுதான், ஆனால் நம் கட்டுரையாளர்கள் விடுவது அதுவன்று.

இளைஞரின் ஆர்வத்தை வெறும் மோகம் என்று தள்ளிவிடவும் இயலாது. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டு ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. குறுந்தகடுகளோ 3 கோடியே 30 லட்சம். 1987-க்குப் பின் தட்டு முந்தியது அதுவே முதன்முறை. ஆயினும் தட்டு வாங்கியவர்களுள் பாதிப்பேரிடம்தான் அதைப் பாடவைக்கும் கருவி இருந்தது என்று அடுத்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கூறியது. படியெடுக்கப்படும் கலை தன் ஒளிவட்டத்தை இழக்கிறது என்று 1930களில் எழுதினார் ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின். இன்று படிக்கே ஒளிவட்டம் சூட்டியாயிற்று. புனிதரின் வரலாறு மறந்துபோக, திருப்பண்டப் பேழைக்கு மட்டும் மெருகேற்றும் பழக்கம் நமக்குப் புதிதன்று.

பேரன் தன் கைப்பேசியில் கிட்டப்பாவை ஒலிக்கவிட்டான். 1933-இல் தம் 27-ஆம் வயதில் மறைந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா, திரைப்படம் எதிலும் அவர் நடித்ததில்லை. அவருடைய குரலுக்கு இசைத்தட்டுகளே சான்று. நாடக மேடையில் அவரைக் கேட்ட தலைமுறை மறைந்துவிட்டது. எனவே கிட்டப்பாவைப் பொறுத்தவரை எண்பது வயதுக்காரரும் இருபத்து மூன்று வயதுக்காரரும் ஒன்றே. இருவருக்கும் நினைவு இல்லை, கேள்விதான் உண்டு.

அந்தக் கேள்வியும் கருவி அனுமதித்த அளவே. 1902-இல் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து இந்தியாவின் தொடக்ககாலப் பதிவுகளைச் செய்தபோது, பாடுபவர் பெரிய குழலொன்றின் வாய்க்கு நேராக நின்று உரக்கப் பாட வேண்டியிருந்தது. பாடகி கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொன்னதும், தட்டு அச்சாகும் ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துத் தொழில்நுட்பர்கள் அடையாளம் காண்பதற்காகவே. மின்முறைப் பதிவு 1925-இல்தான் வந்தது. அதுவரை மெல்லிய குரல்களைக் குழல் வாங்கிக்கொள்ளவில்லை. மணிக்கணக்கில் விரியும் ஆலாபனையோ மூன்று நிமிடத்துக்குள் மடக்கப்பட்டது. "அந்தக் காலத்துக் குரல்" என்று நாம் உருகுவதில் எவ்வளவு அந்தக் காலம், எவ்வளவு அந்தக் குழல்?

இன்னொன்றும் உண்டு. 78 என்பது பெயரளவில்தான். தொடக்ககாலத் தட்டுகள் நிமிடத்துக்கு 70 சுற்றிலிருந்து 80-க்கு மேலும் பலவாறாகப் பதிவாகியுள்ளன. பதிந்த வேகம் ஒன்று, சுழற்றும் வேகம் வேறு என்றால் சுருதியே மாறிவிடும். நாம் வியக்கும் உச்சத்தில் பாடகர் உண்மையில் பாடினாரா, அல்லது தட்டு விரைந்து சுழல்கிறதா? உடனிருந்து கேட்டவர் ஒருவர் இருந்தால் சொல்லிவிடலாம்.

மகனின் கேசட்டுகளுக்கு வருகிறேன். இவை மீதே எனக்குக் கவலை அதிகம். அரக்குத் தட்டுக்குக் காவலர் உளர்: 1990-இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், சென்னையில் ரோஜா முத்தையா நூலகம், 1980-இல் பிறந்தும் கௌஹர் ஜானின் வரலாற்றை எழுதிய விக்ரம் சம்பத் போன்றோர். கேசட்டுக்கு அந்த மரியாதை இல்லை, அது மலிவானது. ஆனால் அந்த மலிவில்தான் அதன் பெருமையே இருந்தது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இச்சிறு பெட்டி, கேட்பவனின் கையிலும் பதிவுப் பொத்தானைக் கொடுத்தது. விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதி, 60 நிமிட வெற்றுக் கேசட்டோடு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருந்த தலைமுறை இது. பெரிய நிறுவனங்களின் பிடியிலிருந்து இசையைக் கேசட் எவ்வாறு விடுவித்தது என்பதைப் பீட்டர் மானுவல் 1993-இல் வெளியிட்ட நூலில் வட இந்தியாவை வைத்து விளக்கினார். நம்மிடையே திருச்சி கலைக்காவிரியின் கேசட்டுகள் ஒலிக்காத பங்கு எது? பாடகர் குழுவின் ஒத்திகை, திருமண வாழ்த்து, பாட்டியின் தாலாட்டு, பிள்ளையின் மழலை என, எந்த இசைத்தட்டு நிறுவனமும் விலைகொடுத்து வாங்காத குரல்கள் யாவும் அதில்தான் ஏறின.

அந்த நாடாவோ இரும்பு ஆக்சைடு பூசியது. அதாவது ஒருவகைத் துரு. உப்புக்காற்று வீசும் கரையில் பெட்டியின் ஆணிகள் துருப்பிடிக்க, நாடாவில் பூஞ்சை படர, கருவியின் ரப்பர் பட்டை இளகிப் பிசுபிசுக்கிறது. சுவரில் மாட்டப்படாததால் இதன் அழிவும் எவர் கண்ணிலும் படுவதில்லை. தட்டுக்காக ஏங்கும் பேரன் அப்பாவின் அலமாரியை அதுவரை திறந்து பார்த்ததில்லை. அப்பாவும் அதை யாரிடமும் தந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சேகரிப்பவரிடம் பூட்டும் சேர்ந்தே வளர்கிறது.

அன்று எப்படியோ அது திறந்தது. 1987 என்று மட்டும் எழுதியிருந்த ஒரு கேசட்டை மகன் எடுத்தார். பென்சிலால் நாடாவை மெல்ல முன்னும் பின்னும் சுற்றித் தளர்த்தினார். பேரன் அதைத் தன் கணினியில் ஏற்றினான். ஒரு பெண்குரல் யாரையோ சாப்பிட அழைத்தது, பிறகு சிரித்தது. மறைந்த பாட்டியின் குரல். மகன் கண்களைத் துடைத்துக்கொண்டார், பேரனும் நெகிழ்ந்துபோயிருந்தான். பெரியவர் மட்டும் தலையை அசைத்தார்.

"இது அவ இல்லை. அவ இவ்வளவு வெடுக்குன்னு பேசமாட்டா."

மகன் சற்று யோசித்தார். பதிந்த நாளில் டேப் ரெக்கார்டரின் பேட்டரி இறங்கியிருக்க வேண்டும் என்றார். நாடா மெதுவாக ஓடும்போது பதிந்தது, சரியான வேகத்தில் ஓட்டினால் விரைந்துதானே ஒலிக்கும்? பேரன் கணினியில் வேகத்தைச் சிறிது குறைத்து மறுபடியும் ஓட்டினான். பெரியவர் இல்லை என்றார். இன்னும் குறைத்தான். இல்லை. விளக்கு வைக்கும் நேரமாயிற்று. திண்ணைத் தூணில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டிருந்த பெரியவர் நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ, போதும் என்று கையை உயர்த்தினார்.