நடு இடம் யாருக்கு?

எந்த வாகனத்தையும் ஒரு கேள்வியோடு பார்க்கத் தொடங்கலாம்: நடு இடத்தில் யார் இருக்கிறார்கள்? தரையில் ஓடுவதானாலும் தண்ணீரில் மிதப்பதானாலும் நடுதான் மதிப்புள்ள இடம். அங்கே குலுக்கல் குறைவு. பாரம் ஏற்றினாலும் ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் தூக்கிக்கொள்ளாது. அதனால் எஞ்சினுக்கும் அந்த இடம் வேண்டும், ஆளுக்கும் வேண்டும், சரக்குக்கும் வேண்டும். மூன்றுக்கும் இடம் கிடையாது. யாருக்குக் கொடுத்தார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால், அந்த வாகனம் எதற்காகப் பிறந்தது என்பது பிடிபடும். இதைப் பழக இரண்டு வாகனங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். ஒன்று ஜெர்மனியின் போர்ஷே பாக்ஸ்டர். மற்றது பழவேற்காட்டு ஃபைபர் படகு.

காரிலிருந்து தொடங்குவோம். போர்ஷே என்ற பெயர் தாங்கிய முதல் கார் 1948இல் ஆஸ்திரியாவின் க்முண்ட் என்ற சிற்றூரில் உருவானது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்கு முன்னால் எஞ்சின். வோக்ஸ்வாகன் காரிலிருந்து எடுத்தது. சுமார் 35 குதிரைத்திறன். ஆனால் விற்பனைக்கான 356 என்ற மாடல் தயாரானபோது எஞ்சினை அச்சுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். உட்காரவும் பெட்டி வைக்கவும் உள்ளே இடம் வேண்டியிருந்தது, செலவும் குறைந்தது. பந்தயத்துக்கென 1953இல் செய்த 550 ஸ்பைடரில் எஞ்சின் மறுபடி நடுவுக்கு வந்தது. 1969இல் வோக்ஸ்வாகனோடு சேர்ந்து கொண்டுவந்த 914இலும் நடுவில்தான். அப்புறம், விற்பனை சரிந்து நிறுவனம் தத்தளித்துக்கொண்டிருந்த காலத்தில், 1993 டெட்ராய்ட் கண்காட்சியில் ஒரு மாதிரிக் காரைக் காட்டினார்கள். 1996இல் அது பாக்ஸ்டராகச் சாலைக்கு வந்தது. செலவைக் குறைக்க, அடுத்து வரவிருந்த இன்னொரு போர்ஷேயான 911இன் முன்பக்கத்தையும் கதவுகளையும் அப்படியே பகிர்ந்துகொண்டார்கள்.

பாக்ஸ்டரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு காற்றுவாய் இருக்கும்; எஞ்சின் அதன் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கிறது. முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. எதைத் திறந்தாலும் எஞ்சின் கண்ணில் படாது. எண்ணெயும் குளிர்நீரும் ஊற்றும் மூடிகள் மட்டும் பின் டிக்கியில் தெரியும். முதல் பாக்ஸ்டரின் 2.5 லிட்டர் எஞ்சினில் ஆறு சிலிண்டர்களும் மும்மூன்றாக எதிரெதிரே படுத்திருக்கும். நிமிர்ந்து நிற்காமல் படுத்திருப்பதால் எடை தரைக்கு நெருக்கமாக இறங்கிவிடுகிறது. 204 குதிரைத்திறன், உட்கார இரண்டே பேர். மூன்றாவது ஆளின் இடத்தை எஞ்சின் எடுத்துக்கொண்டது.

எதற்காக இவ்வளவு பாடு? இரண்டு மீன்கூடைகளைக் காவடித்தண்டின் இரு முனையிலும் தொங்கவிட்டுச் சட்டென்று திரும்பிப் பாருங்கள். கூடைகள் உங்களையும் இழுத்துக்கொண்டு சுற்றும். அதே கூடைகளை மார்போடு அணைத்துக்கொண்டால் நினைத்த இடத்தில் திரும்பி நினைத்த இடத்தில் நிற்கலாம். எடை நடுவுக்கு நெருங்க நெருங்கக் கார் வளைவில் சீக்கிரம் தலையைத் திருப்பும், திருப்பியதைச் சீக்கிரம் நிறுத்தவும் செய்யும். எஞ்சின் வாலில் இருந்த பழைய 911இல், வளைவின் நடுவே ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு போகும் என்ற பயம் உண்டு. பாக்ஸ்டரின் அழகு அந்தப் பயம் குறைந்ததில் இருக்கிறது. வேகத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. வளைவில் போகும்போது காரின் மூக்கைப் பாருங்கள்.

இனி பழவேற்காடு. சென்னையிலிருந்து செங்குன்றம், சோழவரம், பொன்னேரி வழியாகப் போக வேண்டும். போகிற வழியில் சோழவரத்தைச் சும்மா தாண்டிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்த ஊர் அது. 1990வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு மாறியது. அந்தக் காலகட்டத்தில்தான் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800இன் மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தி ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். மளிகை வாங்கப் போகும் காரின் எஞ்சின், இடம் மாறியதும் பந்தய எஞ்சின் ஆனது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அந்தக் காரில்தான் பந்தயம் பழகினார். நடு எஞ்சின் என்பது நமக்கு அந்நியமான சங்கதி இல்லை.

பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பம் பக்கமோ கூனங்குப்பம் பக்கமோ கடற்கரையில் நிறுத்தியிருக்கும் ஃபைபர் படகுகளிடம் போங்கள். கட்டுமரங்களின் இடத்தை இவை மெல்ல மெல்லப் பிடித்துவந்தன. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்தவற்றால் எண்ணிக்கை ஒரேயடியாகக் கூடியது. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். எஞ்சின் அமரத்தில், பெரும்பாலும் ஒரு ஓரமாக ஒதுங்கி இருக்கும். நடு முழுக்க வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் மீனுக்கும். 356இல் எஞ்சினை வாலுக்குத் தள்ளியதும் இதே கணக்கில்தான். சம்பாதித்துத் தருவது எதுவோ அதற்கு நடு இடம்.

எஞ்சினை நிதானமாகப் பாருங்கள், அவசரப்படாதீர்கள். லாங்டெயில் என்கிறார்கள். பத்துக் குதிரைத்திறன் அளவிலான ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், அதிலிருந்து நேராக நீளும் இரும்புத் தண்டு, தண்டின் நுனியில் விசிறி. எஞ்சின் உட்கார்ந்திருக்கும் முளை, பக்கவாட்டிலும் திரும்பும், மேலும் கீழும் சாயும். தனியாகச் சுக்கான் வேண்டாம். எஞ்சினையே திருப்பினால் படகு திரும்பும். கைப்பிடியை அழுத்தினால் விசிறி தண்ணீருக்கு மேலே வந்துவிடும். பழவேற்காட்டு ஏரியில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுகூட இருக்காது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரமோ மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டே இருக்கும். ஆழத்தை நம்பிய எஞ்சின் இங்கே ஒரு வாரம் தாங்காது. மேடு தட்டினால் தண்டைத் தூக்கு, தாண்டியதும் இறக்கு. இந்த ஏரிக்கு இதைவிடப் பொருத்தமான தீர்வை நான் பார்க்கவில்லை.

எஞ்சின் உருளையைச் சுற்றியுள்ள இரும்புச் சிறகுகளையும் கவனியுங்கள். இது காற்றால் குளிர்கிறது. சேறும் மணலும் கலந்த உப்புத் தண்ணீரைக் குழாய்க்குள் இழுத்துக் குளிர்வித்தால் குழாய் அடைத்துக்கொள்ளும், அரித்தும் போகும். போர்ஷேயின் புகழ்பெற்ற எஞ்சின்களும் பல பத்தாண்டுகள் காற்றால்தான் குளிர்ந்தன. பாக்ஸ்டரில்தான் அந்தப் படுத்த ஆறு சிலிண்டர் எஞ்சின் தண்ணீர்க் குளிர்ச்சிக்கு மாறியது. புகைக்கும் சத்தத்துக்குமான சட்டங்கள் இறுகியது அதற்கு ஒரு காரணம். காற்றுக் குளிர்ச்சியின் அந்தப் படபடப்புச் சத்தத்துக்காக இன்றும் ஏங்கும் போர்ஷே ரசிகர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துச் சத்தம் பழவேற்காட்டில் தினமும் கேட்கும்.

அலையைத் தாண்டும் காட்சியைத் தவறவிடாதீர்கள். நாலைந்து பேர் தோள் கொடுத்துப் படகைத் தண்ணீரில் இறக்குவார்கள். அலை வரிசையில் ஓர் இடைவெளி வரும்வரை காத்திருப்பார்கள். அப்போது அமரத்திலிருந்து ஒரு குரல்: “டேய் தம்பி, அணியத்துக்குப் போ!” இளைஞன் ஒருவன் முன்னால் பாய்வான். எஞ்சின் பாரம் பின்னால் இருப்பதால் அணியம் லேசாக இருக்கும்; அலை வந்து மோதும்போது உள்ளே குத்தாமல் மேலே ஏறும். ஆனால் அளவுக்கு மீறி எழும்பினால் படகு மல்லாந்துவிடும். ஏறும்போது எவ்வளவு எடை முன்னால், இறங்கும்போது எவ்வளவு பின்னால் என்பதை ஆட்களே நகர்ந்து நகர்ந்து சரிசெய்கிறார்கள். போர்ஷேயின் பொறியாளர் எடைப் பங்கீட்டை வரைபடத்தில் ஒருமுறை முடிவு செய்துவிட்டார். இங்கே அது ஒவ்வொரு அலைக்கும் புதிதாக முடிவாகிறது. அலையின் உச்சியில் விசிறி ஒரு கணம் தண்ணீரை விட்டு வெளியே வரும்போது எஞ்சின் சத்தம் கீச்சென்று ஏறும். மறுபடி தண்ணீரைக் கவ்வியதும் இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எத்தனை அலை தாண்டினார்கள் என்று எண்ணிவிடலாம்.

எஞ்சினைப் படகுக்குள்ளேயே வைக்கும் முயற்சியும் இந்தக் கடற்கரைக்காக நடந்தது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டத்தில், நார்வேக்காரரான ஓவிண்ட் குல்பிரண்ட்சன் போன்ற வடிவமைப்பாளர்கள் மணலில் ஏறி இறங்கும் படகுகளை உருவாக்கினார்கள். எஞ்சினும் தண்டும் ஒரே பெட்டியில்; பெட்டியைச் சாய்த்தால் விசிறி படகின் அடிக்குள் ஒடுங்கிக்கொள்ளும்; தண்ணீர் புகாமல் ரப்பர் உறை. நுட்பமான வேலை, படத்தில் பார்த்தாலே மனம் மயங்கும். ஆனாலும் எஞ்சின் உள்ளே வந்தால் வலையின் இடம் குறையும். பழுதானால் தனியாகக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போக முடியாது. லாங்டெயிலை இரண்டு பேர் கழற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோய்விடலாம்.

காலையில், படகுகள் திரும்பும் நேரத்தில் போங்கள். விரித்திருக்கும் வலையைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். கரைக்கு வரும் படகின் பக்கவாட்டில் தண்ணீர் நனைத்த கோட்டைப் பாருங்கள்: அமரத்தில் மட்டும் தாழ்ந்து வந்தால் மீன்பாடு குறைவு, முன்னும் பின்னும் ஒரே மட்டமாக அமிழ்ந்து வந்தால் நடுவில் மீன் இருக்கிறது.