பதினைந்து விழுக்காட்டு வாசல்

2000 அக்டோபர் 3 அன்று பாஸ்டனில் ஜார்ஜ் புஷ்ஷும் அல் கோரும் அமெரிக்க அதிபர் தேர்தலின் முதல் விவாதத்தில் மோதினார்கள். பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடருக்கு மேடையில் இடம் இல்லை. பக்கத்து அரங்கில் திரையில் பார்ப்பதற்கான நுழைவுச்சீட்டு மட்டும் அவர் கையில் இருந்தது. அதைக் காட்டியும் உள்ளே விடவில்லை. காவலர்களை வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். நேடர் வழக்குப் போட்டார். விவாதத்தை நடத்திய ஆணையம் 2002-ல் அவருக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தது. பார்வையாளராக வந்தவரைத் துரத்தியதற்குத்தான் அந்த மன்னிப்பு. வேட்பாளராக அவரை ஒதுக்கிய விதி அப்படியே நின்றது. என் கேள்வி அந்த விதியைப் பற்றியது.

1988 முதல் 2020 வரை இந்த விவாதங்களை நடத்திய அதிபர் விவாத ஆணையம், பெயரில் தோன்றுவதுபோல் அரசு அமைப்பு அல்ல. குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டின் தேசியத் தலைவர்களும் சேர்ந்து 1987-ல் உண்டாக்கியது. அதற்கு முன் பெண் வாக்காளர் கழகம் என்ற குடிமக்கள் அமைப்பு மூன்று தேர்தல்களில் விவாதங்களை நடத்தியது. 1980-ல் சுயேச்சை வேட்பாளர் ஜான் ஆண்டர்சனை அது அழைத்தபோது, பதவியிலிருந்த அதிபர் கார்ட்டர் வர மறுத்தார். கழகம் பணியவில்லை, ரீகனையும் ஆண்டர்சனையும் மட்டும் வைத்து விவாதத்தை நடத்தியது. 1988-ல் இரு கட்சிகளும் தங்களுக்குள் பேசி முடித்த நிபந்தனைகளைக் கொண்டுவந்து நீட்டியபோது, இது வாக்காளரை ஏமாற்றும் வேலை என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டு விலகியது. போட்டியில் இருக்கும் இருவர் உருவாக்கிய அமைப்பே மூன்றாமவரை உள்ளே விடலாமா என்று முடிவு செய்யும் நிலை அப்படித்தான் வந்தது.

ஆணையம் 2000-ல் வகுத்த விதிகளில் இரண்டு முக்கியமானவை. அதிபராவதற்குத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகளை எட்டும் அளவுக்குப் போதிய மாநிலங்களின் வாக்குச்சீட்டில் பெயர் இருக்க வேண்டும். அதோடு ஐந்து தேசியக் கருத்துக்கணிப்புகளின் சராசரியில் 15 விழுக்காடு ஆதரவு வேண்டும். முதல் விதியில் நியாயம் இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் கையெழுத்து திரட்டி, கெடுவுக்குள் மனுக் கொடுத்து, வழக்குகளைச் சமாளித்து அந்த எண்ணிக்கையை எட்ட உண்மையான அமைப்பு பலம் வேண்டும். வெறும் விளம்பரத்துக்கு நிற்பவரால் அது முடியாது. 15 விழுக்காடு கழகமும் 1980-ல் கையாண்ட அளவுதான். ஆனால் அது அளப்பது தகுதியை அல்ல, ஏற்கெனவே கிடைத்துவிட்ட புகழை.

சுயேச்சை வேட்பாளர் ரோஸ் பெரோவின் கதையைப் பாருங்கள். 1992-ல் நடுவே போட்டியிலிருந்து விலகி, அக்டோபர் முதல் தேதி மீண்டும் இறங்கியபோது கணிப்புகளில் அவருக்கு 10 விழுக்காடுகூட இல்லை. ஆனாலும் மூன்று விவாதங்களிலும் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அரசின் பற்றாக்குறையையும் கடனையும் பற்றி அவர் பேசப் பேச மற்ற இருவரும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. தேர்தலில் கிட்டத்தட்ட 19 விழுக்காடு வாக்கு வாங்கினார். 15 விழுக்காட்டு விதி அன்றே இருந்திருந்தால் அவர் மேடைப்பக்கமே வந்திருக்க முடியாது. அடுத்த 1996 தேர்தலில், அந்த விதி வருமுன்பே, அதுதான் நடந்தது. முந்தைய வாக்குகளின் பலத்தில் அவருக்கு அரசுக் கருவூலத்திலிருந்து தேர்தல் நிதி கிடைத்தது. வெல்ல வாய்ப்பில்லை என்று சொல்லி ஆணையம் மேடையை மறுத்தது. மக்கள் வரிப்பணம் கொடுத்து நிறுத்திய வேட்பாளர் பேசுவதை அந்த மக்களே கேட்க முடியவில்லை. வாக்கு 8 விழுக்காட்டுச் சொச்சமாகச் சுருங்கியது. எல்லாவற்றுக்கும் விவாதமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பெரோவின் மவுசும் குறைந்திருந்தது.

அதனால்தான் மினசோட்டா எனக்கு இன்னும் வலுவான சான்றாகப் படுகிறது. 1998 ஆளுநர் தேர்தலில் அங்கே முன்னாள் மல்யுத்த வீரர் ஜெஸ்ஸி வெஞ்சுரா நின்றார். தொடக்கத்தில் கணிப்புகளில் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருந்தவரை மற்ற இருவரோடும் சமமாக விவாதங்களில் உட்கார வைத்தார்கள். 37 விழுக்காடு வாக்கோடு அவரே ஆளுநரானார். நல்ல ஆளுநரா என்பது வேறு விஷயம். வெல்ல முடியாதவர் என்று முன்கூட்டியே கணித்து ஒதுக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதற்கு அந்த முடிவு போதும்.

கூட்டம் சேர்ந்தால் விவாதம் கெடும் என்ற எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. 2019 ஜூனில் மியாமியில் ஜனநாயகக் கட்சி தன் உட்கட்சி வேட்பாளர்களை இரவுக்குப் பத்துப் பேராக மேடையேற்றியது. இரண்டு மணி நேரத்தில் ஆண்ட்ரூ யாங்குக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அதில் எந்தக் கொள்கையை விளக்க முடியும்? ஆனால் 2017-ல் பிரான்ஸ் தொலைக்காட்சியில் பதினொரு அதிபர் வேட்பாளர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். ஃபோர்டு ஆலைத் தொழிலாளி ஃபிலிப் பூத்து, விசாரணைகளில் சிக்கியிருந்த பெரிய தலைவர்களின் முகத்துக்கு நேராக, போலீஸ் கூப்பிட்டால் தொழிலாளிக்கு எந்த விலக்குரிமையும் கிடையாது என்றார். அவர் வாங்கியது ஒரு விழுக்காட்டுச் சொச்சம் வாக்கு. அந்தக் கேள்வியை அங்கே வேறு எவரும் அவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்க மாட்டார்கள். ஜெயிக்கப்போவது யார் என்று கண்டுபிடிக்க மட்டுமா விவாதம்? அதிகாரத்துக்கு வரப்போகிறவர்கள் தவிர்க்க நினைக்கும் கேள்வியை எழுப்பவும்தானே.

நீதிமன்றங்கள் இதில் பெரிதாக உதவவில்லை. ஆர்கன்சா மாநிலப் பொதுத் தொலைக்காட்சி ஒரு சுயேச்சையை விவாதத்திலிருந்து விலக்கியது செல்லும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் 6-3 எனத் தீர்ப்பளித்தது. அந்த வேட்பாளரின் அரசியல் எனக்கு அருவருப்பானது. ஆனாலும் மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ஸ்டீவன்ஸ் சுட்டிய குறை சரியானது: முன்கூட்டி எழுதிவைத்த அளவுகோல் எதுவும் இல்லாமல், ஊழியர்களின் கணிப்பை நம்பி அரசு நிலையமே ஒருவரை ஒதுக்கியிருக்கிறது. 2024-ல் ஆணையத்தையே ஓரங்கட்டிவிட்டு பைடனும் டிரம்பும் சி.என்.என். விவாதத்துக்கு நேரடியாக ஒப்புக்கொண்டார்கள். சுயேச்சை வேட்பாளர் ராபர்ட் கென்னடி ஜூனியர் வெளியே நின்றார். வாசல் காப்பவர் மாறினார். 15 விழுக்காடு மாறவில்லை.

முதல் விவாதத்துக்குக் கருத்துக்கணிப்பு நிபந்தனையே கூடாது, வாக்குச்சீட்டு விதி ஒன்றே போதும் என்பது என் நிலை. 2012-லும் 2016-லும் அந்த விதியைத் தாண்டியவர்கள் நால்வர்தான். நாலு பேர் தொண்ணூறு நிமிடம் பேசுவதில் எந்த நெரிசலும் இல்லை. அவர்களை மக்கள் ஒருமுறை பார்த்துக் கேட்டபின் எடுக்கும் கணிப்பை வைத்து அடுத்த விவாதங்களில் எண்ணிக்கையைக் குறைக்கலாம். அந்தக் கணிப்பிலும் எல்லோருடைய பெயரையும் சொல்லியே கேட்க வேண்டும். இரண்டு பெயரை மட்டும் நீட்டிக் கேட்டுவிட்டு மூன்றாமவருக்கு ஆதரவில்லை என்பது அநியாயம். 2012-ல் அந்த நால்வரில் ஒருவரான பசுமைக் கட்சி வேட்பாளர் ஜில் ஸ்டெய்னின் பெயர் 36 மாநிலங்களின் வாக்குச்சீட்டில் இருந்தது. அந்த அக்டோபரில் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழக விவாதத்துக்குள் நுழைய முயன்ற அவரைக் கைது செய்து, விலங்கு மாட்டி, மணிக்கணக்கில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.