மலை இல்லாத சீனம்

அக்கா மகனுக்கு எச்.எஸ்.கே. முதல் நிலைப் பரீட்சை. சீன மொழி தெரியும் என்று சீன அரசுத் தரப்பில் கொடுக்கும் சான்றிதழுக்கான தேர்வு. பயலுக்கு சீனாவில் மருத்துவம் படிக்க ஆசை. 'கொல்லிமலைக்குப் போறப்ப வழியில கேள்வி கேளுங்க மாமா' என்று சொற்பட்டியலைக் கையில் திணித்துவிட்டான்.

காரவள்ளியில் ஆரம்பித்தோம். மொத்தம் 150 சொல். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு இரண்டு சொல் கேட்டால் 140. மிச்சம் பத்தை செம்மேட்டில் டீ குடித்துக்கொண்டே முடித்துவிடலாம். பி.காம். படித்தவன் புத்தி வேறெப்படிப் போகும்?

முப்பதாவது வளைவு வாக்கில் பயல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டான்: "மாமா, மலைக்கு சீனத்துல என்ன?"

பட்டியலைப் புரட்டினேன். மலை இல்லை. பாதைக்கும் சொல் இல்லை. விமானம் இருக்கிறது. வாடகை டாக்சி இருக்கிறது. பெய்ஜிங், ஆப்பிள், கம்ப்யூட்டர், நாற்காலி எல்லாம் இருக்கிறது. ஏர்போர்ட்டில் இறங்கி, டாக்சி பிடித்து, ஓட்டலில் டீ குடித்துவிட்டுத் தூங்குகிற ஆளுக்காகப் போட்ட பட்டியல் என்று அப்போதுதான் உறைத்தது.

இந்த 150 சொல், 2010-இல் ஆறு நிலைகளாகத் திருத்தி அமைத்த தேர்வுக்கானது. (2021-இல் அறிவித்த புதிய தரநிலை முதல் படிக்கே 500 சொல் என்றது.) இதற்கென்றே ஒரு பாடநூல் இருக்கிறது. ஜியாங் லிபிங் தலைமையில் தொகுத்து, 2014 வாக்கில் பெய்ஜிங் மொழி பண்பாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'எச்.எஸ்.கே. ஸ்டாண்டர்ட் கோர்ஸ்' முதல் பாகம். பதினைந்து பாடம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல புத்தகம். பாடத்துக்கு மூன்று குட்டி உரையாடல், கொஞ்சம் புதுச் சொல், போன பாடத்துச் சொல் இந்தப் பாடத்தில் திரும்ப வந்து தலைகாட்டும். மிரட்டல் கிடையாது.

எனக்கு வருத்தமெல்லாம் வேறு. நம் பையன் அதை இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறான். சீனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதும் முறைக்குப் பின்யின் என்று பேர். 1958-இல் வந்தது. அதில் அப்பாவுக்கு பி-ஏ-பி-ஏ. பயல் ரஜினி படத்துத் தலைப்பு மாதிரி 'பாபா' என்று அடிவயிற்றிலிருந்து முழங்குகிறான். பதிவைப் போட்டுக் கேட்டால் சீனர் சொல்வது கிட்டத்தட்ட நம்ம 'பாப்பா'! 'பல்', 'பால்' என்று சொல்லும்போது வருகிற நம் பகரம்தான் அவர்கள் பி. காற்றை ஊதிச் சொல்கிற இன்னொரு பகரம் உண்டு, அது நம்மிடம் இல்லை. வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து, அது ஆடுகிறதா பார்த்துப் பழக வேண்டியதுதான்.

மனிதனுக்கு ஆர்-இ-என். 'ரென்' என்கிறான். அந்த ஆர், நம் ழகரத்துக்குப் பக்கத்து வீடு. 'ழென்' என்று சொல்லச் சொன்னேன். பதிவில் இருக்கிற அம்மாள் சொன்ன மாதிரியே வந்தது. உலகத்தில் பாதிப் பேர் நாக்கைச் சுழற்றித் திண்டாடுகிற எழுத்து, நமக்கு வாழைப்பழத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ரயிலில் வருகிற 'ர'வைப் போட்டு உழப்புவானேன்?

முதல் பாடத்திலேயே நீ, நீங்க இரண்டும் தனித்தனியாக வருகின்றன. இங்கிலீஷில் இரண்டுமே 'யூ'. 'மரியாதை வடிவம்' என்று குறிப்பு எழுதி விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கு எதற்கு விளக்கம்? மாமாவிடம் 'நீ' போட்டால் அக்கா அறைவாள். கேள்வி கேட்க வாக்கியத்தின் வாலில் ஒரு 'மா' ஒட்டுகிறார்கள். நாம் 'வர்றியா' என்று 'ஆ' ஒட்டுகிற மாதிரி. 'அவ அழகு' என்பதில் எங்கே வினைச்சொல்? அவர்களுக்கும் அங்கே தேவையில்லை. இதையெல்லாம் சொல்லித்தர ஒரு நாற்பது பக்கத் தமிழ்த் துணைநூல் போதும். பயலுக்காகக் கடை கடையாகத் தேடினேன், ஒன்றும் சிக்கவில்லை. யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு.

தொனிதான் பெரிய பூச்சாண்டி. மொத்தம் நான்கு. 'ம்' என்ற ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு கேள்வி, சம்மதம், மிரட்டல், அலட்சியம் அத்தனையும் பண்ணுகிற ஜாதி நாம். ஆனால் நமக்கு ராகம் மாறினால் மனநிலை மாறும். அவர்களுக்கு அர்த்தமே மாறும். வாங்குவதற்கு 'மாய்', தொனி தாழ்ந்து எழ வேண்டும். விற்பதற்கும் 'மாய்'தான், தொனி விழ வேண்டும். 150-இல் வாங்குவது மட்டும் இருக்கிறது. விற்பது அடுத்த நிலையில். டெபிட்டை இந்த வருஷம், கிரெடிட்டை அடுத்த வருஷம் சொல்லித்தருகிற காலேஜை நான் பார்த்ததில்லை. இரண்டையும் ஒன்றாகக் காட்டினால்தானே தொனியின் அருமை தெரியும்?

பரீட்சை இன்னும் தாராளம். 40 கேள்வி, ஏறக்குறைய 40 நிமிஷம். கேட்டல் 20, படித்தல் 20. ஒலிப்பதிவை இரண்டு தடவை போடுவார்கள். பாதிக்கு மேல் படம் பார்த்துப் பொருத்துவது. சீன எழுத்துக்கு மேலேயே பின்யின் அச்சிட்டிருக்கும். பேச வேண்டாம், எழுத வேண்டாம். 200-க்கு 120 வாங்கினால் பாஸ். ஒரு சீன எழுத்துகூடத் தெரியாமல், வாயே திறக்காமல், சீனம் தெரியும் என்று சான்றிதழ் வாங்கிவிடலாம். தொடக்கக்காரனுக்குத் தைரியம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு வார்டுக்குள் போக முடியுமா?

2020-இல் கொரோனா வந்தபோது சீனக் கல்லூரிகளில் இருந்த இந்திய மாணவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் மருத்துவம். வகுப்பு இங்கிலீஷில் நடந்தாலும் நோயாளி இங்கிலீஷில் முனகுவதில்லை. இந்தப் பட்டியலில் டாக்டர் இருக்கிறார், ஆஸ்பத்திரி இருக்கிறது. மருந்து இரண்டாம் நிலையில் வருகிறது. வலி மூன்றாம் நிலையில்!

சோளக்காடு சந்தையில் இறங்கினோம். பலாவும் அன்னாசியும் குவித்திருந்தார்கள். ஒரு பாட்டி முன்னால் தினையும் சாமையும் படியோடு இருந்தன. தினையைக் கையில் அள்ளி, "இதுக்கு என்னடா?" என்றேன். முழித்தான். தினை வட சீனத்துப் பழம்பயிர். சின்னதுக்கு 'ஷியாவ்', சோற்றுக்கு 'மி ஃபன்', இரண்டும் உன் பட்டியலில் இருக்கிறதே, 'சின்ன அரிசி'ன்னு சொல்லிப் பாரு என்றேன்.

"ஷியாவ்... மி" என்றவன், சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தான். அதே பேர். "தினைக் கம்பெனியா மாமா இது!"

பாட்டியிடம் ரெண்டு படி வாங்கினோம். பயல் பட்டியலின் கடைசியில் பேனாவால் 151 என்று போட்டு, "மலைக்குச் சொல்லுங்க" என்றான்.

"ஷான். ராகத்தை ஏத்தாம இறக்காம, உச்சியிலயே நீட்டு."

நீட்டினான். 152-க்கு விற்பது. 153-க்கு வலி.