போர்க் கம்பளத்தைப் பின்பக்கமாகப் படிப்பது

போன டிசம்பரில் ஒரு கம்பளம் வாங்கினேன். இரண்டடிக்கு மூன்றடி. ஆப்கானிஸ்தான் கம்பளம். நடுவில் அந்த நாட்டு வரைபடம், அதன் மேல் வடக்கு நோக்கிப் போகிற டாங்கிகள், இரண்டு ஹெலிகாப்டர்கள், ஓரம் முழுக்க ஏ.கே. 47 துப்பாக்கிகள். மேலே ஒரு வரி பாரசீக எழுத்து, கீழே ஒரு வரி ரோமன் எழுத்து. இணையத்தில் விற்றவர் எழுதியிருந்த குறிப்பில், இது போரைக் கண்ணால் பார்த்த ஒரு பெண்ணின் சாட்சியம் என்று இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டு மின்னஞ்சல் போட்டேன். இந்த வகைக் கம்பளம் எல்லாமே அப்படித்தான் என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அந்த ஒரு வரிப் பதில் என்னை விடவில்லை. நான் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன்; நெசவோ கலை வரலாறோ படித்தவன் அல்ல. ஆனால் ஒரு கூற்றை எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று தோண்டுகிற பழக்கம் உண்டு. மூன்று மாதம் கிடைத்ததையெல்லாம் படித்தேன், படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வாங்கியதைத் திருப்பிப் போட்டு முடிச்சு எண்ணினேன். அதிலிருந்து எனக்குத் தோன்றியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி

1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் 60 லட்சம் பேர் வரை நாட்டை விட்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும். கம்பளம் நெய்வது பலூச், துர்க்மேன், ஹஸாரா குடும்பங்களில் வழிவழியாக வந்த வேலை. அதில் பெரும்பகுதியைச் செய்கிறவர்கள் பெண்கள். போர் தொடங்கிய சில ஆண்டுகளில் அந்தக் கம்பளங்களில் புதிதாகச் சில உருவங்கள் வர ஆரம்பித்தன: டாங்கி, கவச வண்டி, கையெறி குண்டு, கலாஷ்னிகோவ், எம்ஐ-24 ஹெலிகாப்டர். மேற்கத்திய நாடுகளில் இவற்றைத் தேடி வாங்கும் ஒரு கூட்டம் உருவானது. ‘போர்க் கம்பளம்’ என்ற பெயரும் வாங்குகிறவர்கள் வைத்ததுதான். 2008-இல் டொராண்டோவில் கனடா நெசவு அருங்காட்சியகம் இவற்றுக்காகத் தனிக் காட்சி வைத்தது. பிரிட்டிஷ் மியூசியமும் பிறகு வைத்தது.

கம்பளத்தில் உருவம் வருவது புதிது இல்லை. 1919 முதல் 1929 வரை ஆண்ட அமானுல்லா கானின் முகத்தை நெய்த கம்பளங்கள் உண்டு. விலங்கு, பறவை, கட்டடம் எல்லாம் முன்பே இருந்தவை. ஆகவே போர் வந்ததும் சும்மா இருந்த கைகள் திடீரென்று பேச ஆரம்பித்தன என்ற கதை பாதிதான் சரி.

இரண்டு கட்சி

இந்தக் கம்பளங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, இவை சாட்சியம் என்கிறது. பேச வழியில்லாத பெண்கள் நூலால் பேசினார்கள், எதிர்த்தார்கள், துக்கப்பட்டார்கள் என்று வாதிடுகிறது. இன்னொரு கட்சி, இவை சரக்கு என்கிறது. படைவீரர்களும் நிருபர்களும் தொண்டு நிறுவன ஆட்களும் காசு கொடுத்தார்கள், வியாபாரி மாதிரி கொடுத்தார், நெய்தார்கள், அவ்வளவுதான் என்கிறது. சேகரிப்பாளர்கள் இரண்டையும் சமரசம் செய்ய ஒரு காலக்கோடு போடுகிறார்கள். எண்பதுகளில் வந்தவை அசல், பின்னால் வந்தவை சுற்றுலாச் சரக்கு. விலையும் அந்தக் கோட்டின்படிதான்.

இந்தக் கோடு எனக்கு உறுத்துகிறது. 1983-இல் நெய்தவருக்கும் அரிசி, எண்ணெய் வாங்கக் காசு வேண்டும். 2003-இல் நெய்தவரும் போரைப் பார்த்தவராக இருக்கலாம். சாட்சி சொல்கிறவர் கூலி வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது? கூலிக்கு நெய்தால் மனசு அதில் இருக்காது என்பது ஒருநாளும் கூலிக்கு வேலை பார்க்காதவர்களின் எண்ணமாகத்தான் எனக்குப் படுகிறது.

ஆனால் ‘சாட்சியம்’ கட்சி தன் கட்சிக்கு ஆதாரமாகக் காட்டுவது என்ன? உருவத்தின் நுணுக்கத்தை. துப்பாக்கியின் தோட்டா உறை வளைந்திருக்கிறது பாருங்கள், ஹெலிகாப்டரின் பக்கச் சிறகில் குண்டுகள் தொங்குகின்றன பாருங்கள், நேரில் பார்க்காமல் முடியுமா என்கிறார்கள். முடியும். ஒரு புகைப்படம் போதும், இன்னொரு கம்பளம் போதும். உருவத்தின் நுணுக்கத்தை வைத்து, நெய்தவர் பார்த்ததா, பார்த்ததைப் பார்த்து நெய்ததா என்று பிரிக்க வழியே இல்லை.

முடிச்சுக் கணக்கு

என் கம்பளத்தின் பின்பக்கத்தில் ஓர் அங்குலத்துக்குக் குறுக்கே ஏழு முடிச்சு, நெடுக்கே ஒன்பது. 24 அங்குல அகலம், 36 அங்குல நீளம். அதாவது 168-க்கு 324. மொத்தம் 54,432 முடிச்சுகள். பழைய நோக்கியா போன் ஒன்றின் 240-க்கு 320 திரையில் இருந்த புள்ளிகளைவிடக் குறைவு. அவ்வளவு சின்னக் கட்டத்துக்குள் ஒரு நாடு, ஒரு படை, இரண்டு மொழி.

ஒவ்வொரு புள்ளியும் கையால் போட்ட முடிச்சு. பாவு நூலில் கம்பளி இழையைச் சுற்றி, இழுத்து, வெட்டி, வரிசை முடிந்ததும் ஊடை நூலைக் கொடுத்து அடித்து இறுக்க வேண்டும். கீழிருந்து மேலாகத்தான் படம் வளரும். அச்சு இயந்திரம் போல ஒரு நேரத்தில் ஒரு வரிசை. பாதியில் முழு உருவமும் கண்ணில் படாது. அதனால்தான் மாதிரி தேவை. சில இடங்களில் கட்டம் போட்ட தாள், பல இடங்களில் முன்பே நெய்த ஒரு கம்பளம். மாதிரிக்காகவே நெய்கிற துண்டுக் கம்பளத்துக்குப் பாரசீகத்தில் ‘வாகிரே’ என்று பெயரே உண்டு. முடிச்சை எண்ணிப் பிரதி எடுக்க வசதியான பக்கம் பின்பக்கம். முன்பக்கத்தில் கம்பளி மயிர் மூடியிருக்கும்.

இப்போது கீழ் வரியின் ரோமன் எழுத்துகளுக்கு வருகிறேன். அதில் ‘எஸ்’ எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பியிருக்கிறது. ‘என்’னும் அப்படியே. ‘யூ.எஸ்.எஸ்.ஆர்.’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து தலைகீழ். இது என் ஊகம்தான்: வழியில் யாரோ ஒருவர் இன்னொரு கம்பளத்தின் பின்பக்கத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறார். பின்னால் பார்த்தால் இடம் வலமாகத் தெரியும். பூவுக்கு அது பிரச்சினையே இல்லை, திரும்பினாலும் பூதான். டாங்கிக்கும் பெரிய பிரச்சினை இல்லை. எழுத்துதான் காட்டிக் கொடுக்கிறது.

இந்தப் பிழை எனக்கு எந்தத் துப்பாக்கி உருவத்தைவிடவும் பெரிய சான்று. என் கம்பளத்தை நெய்தவருக்கு அந்த எழுத்து தெரியாது. கீழ் வரியை அவர் வாசகமாக அல்ல, பூவேலையாகத்தான் நெய்திருக்கிறார். அப்படியென்றால் அந்த வாசகம் அவர் சொன்னது அல்ல. சொல்ல வேண்டும் என்று வேறு யாரோ முடிவு செய்தது. வடக்கே போகும் டாங்கி சோவியத் படை வெளியேறியதைக் காட்டுகிறது. 1989 பிப்ரவரி 15 அன்று கடைசிப் படைப்பிரிவு அமு தரியாவின் மேலுள்ள நட்புப் பாலத்தைக் கடந்தது. அதைக் கொண்டாடும் இந்த வகை அதன் பிறகும் நெடுநாள் நெய்யப்பட்டது. கொண்டாட்டம் யாருடையது என்பதற்குக் கம்பளத்தில் பதில் இல்லை.

ஒரே பிழை, இரண்டு தீர்ப்பு

2001-க்குப் பிறகு உலக வர்த்தக மையக் கம்பளங்கள் வந்தன. இரட்டைக் கோபுரம், மோதும் விமானம், கீழே அமெரிக்கக் கொடியும் ஆப்கன் கொடியும், நடுவில் ஒரு புறா. அந்தக் கொடியும் புறாவும் அமெரிக்க ராணுவம் வானிலிருந்து போட்ட துண்டுப் பிரசுரத்திலிருந்து வந்தவை. பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். இது இரங்கலா, கேலியா, கொண்டாட்டமா என்று சண்டை போட்டார்கள். அதில் உள்ள ஆங்கில எழுத்துப்பிழைகளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இத்தாலிய ஓவியர் அலிகியேரோ போயெட்டியை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். 1971-இல் காபூலுக்குப் போனவர். அங்கே ‘ஒன் ஹோட்டல்’ என்று ஒரு விடுதியும் நடத்தினார். ஒவ்வொரு நாட்டையும் அதன் கொடியின் நிறத்தால் நிரப்பிய உலக வரைபடங்களை ஆப்கன் பெண்களைக் கொண்டு தைக்க வைத்தார். அது முடிச்சுக் கம்பளம் அல்ல, தையல்வேலை. சோவியத் படையெடுப்புக்குப் பின் வேலை பெஷாவரில் அகதிகளிடம் போனது. 1994-இல் அவர் இறக்கும்வரை நடந்தது. ஒருமுறை கடல் இளஞ்சிவப்பாக வந்தது. கடலே இல்லாத நாட்டில் தைத்தவர்கள், கையில் நிறைய இருந்த நூலை எடுத்து அந்தப் பரப்பை நிரப்பினார்கள். போயெட்டிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கலை விமர்சகர்களும் தற்செயலின் அழகு என்று எழுதினார்கள். அந்த வரைபடங்கள் இன்று ஏலத்தில் மில்லியன் டாலர் கணக்கில் போகின்றன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரோ கொடுத்த வரைபடம், தனக்குப் பழக்கமில்லாத உலகம், தன் அறிவால் நிரப்பிய கை. இரண்டும் ஒரே நிகழ்வு. போயெட்டி பெயர் இருந்தால் பிழை கவிதையாகிறது, பெயர் இல்லாவிட்டால் பிழை நகைச்சுவையாகிறது. போயெட்டியின் வரைபடத்தில், தைத்த பெண் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்பதில்லை. நினைக்க அங்கே ஓர் ஓவியர் இருக்கிறார். பெயரில்லாத கம்பளத்தில் மட்டும், நெய்தவள் என்ன நினைத்தாள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஏனென்றால் மறுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. வரைபடக் கம்பளத்துக்கே போயெட்டிதான் தூண்டுதல் என்று ஒரு வாதமும் உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஆப்கன் கையில் ஒரு புது யோசனை வந்தால் அதற்கு ஐரோப்பாவில் அப்பா தேடுகிற பழக்கத்தை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

அப்படியானால் ஒன்றுமே படிக்க முடியாதா?

முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இடம் வேறு. முதல் பத்தாண்டின் பலூச் கம்பளங்கள் சிலவற்றில் போர்க்கருவி தனிப் படமாக இல்லை. பழைய பூவேலைக்குள் கலந்திருக்கிறது. தூரத்தில் நின்றால் வழக்கமான கருஞ்சிவப்பும் கருநீலமும் கலந்த கம்பளம். கிட்டே போனால் ஓரத்துப் பூ வரிசை கையெறி குண்டாகிறது. வழக்கமான பதக்க உருவம் இருக்க வேண்டிய இடத்தில் டாங்கி. இங்கே ஒரு முடிவு நடந்திருக்கிறது: எந்தப் பழைய உருவத்தின் இடத்தில் எந்தப் புதிய உருவத்தை உட்கார வைப்பது என்று. அந்த முடிவை எடுக்கத் தறியைத் தெரிந்த கை வேண்டும்.

என் கம்பளத்தில் அது சின்ன அளவில் இருக்கிறது. டாங்கிகளுக்கு நடுவே காலி இடம் வரும் இடமெல்லாம் எட்டு இதழ்ப் பூ ஒன்று. எதுவும் இன்னொன்று போல இல்லை. ஒன்றில் இதழ் மஞ்சள், ஒன்றில் பழுப்பு, ஓர் ஓரத்தில் இடம் போதாமல் பாதிப் பூ. டாங்கிகள் எல்லாம் ஒரே அச்சு, எண்ணிப் போட்டவை. பூக்கள் மனப்பாடத்திலிருந்து போட்டவை. போரை வேறு யாரோ கேட்டு வாங்கினார்கள், பூவை அவரே போட்டார் என்று எழுதத் தோன்றியது. எழுதியதை அழித்துவிட்டேன். காலி இடம் விடாமல் நிரப்புவது நெசவுப் பழக்கம். அதற்குப் பின்னால் ஒரு சோகத்தை வைத்துத் தைத்தால், எனக்கு மின்னஞ்சல் போட்டவர் செய்ததையே நானும் செய்கிறேன். பழக்கம் தெரிகிறது என்பது மட்டும் உறுதி. அது சின்ன விஷயமும் இல்லை.

‘சாட்சியம்’ என்ற சொல் வாங்குகிறவருக்கு ஒரு வசதி செய்து தருகிறது. சாட்சியம் என்று சொல்லிவிட்டால் கூலி எவ்வளவு என்று கேட்க வேண்டாம். எத்தனை கை மாறி வந்தது, நடுவில் யார் எவ்வளவு எடுத்தார், தறியில் உட்கார்ந்தது பெரியவரா சிறுமியா என்றும் கேட்க வேண்டாம். ஒரு துயரத்தை மதித்துக் காசு கொடுத்த நிம்மதி மட்டும் மிஞ்சும். எனக்கும் அந்த நிம்மதி ஒரு வாரம் இருந்தது, மறைப்பானேன்.

இப்போது டிரோன் உருவம் போட்ட கம்பளங்களும் விற்கின்றன. யாராவது வாங்குவதாக இருந்தால் என் சிபாரிசு மூன்று. முதலில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எழுத்து இருந்தால் எழுத்தைப் பாருங்கள், அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லும். விற்கிறவர் நெய்தவரின் மனசைப் பற்றிப் பேசினால், அவர் ஊரைப் பற்றிக் கேளுங்கள். ஊர் தெரியாமல் மனசு மட்டும் எப்படித் தெரிந்தது?

என் கம்பளத்தைச் சேகரிப்பாளர்கள் செய்வதுபோலச் சுவரில் மாட்டலாமா, தரையில் போடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. தரைக்காக நெய்ததைச் சுவரில் மாட்டினால் அது படம் ஆகிவிடும் என்று தரையிலேயே விரித்தேன். ஊரிலிருந்து வந்த அம்மா அதைச் சுற்றிக்கொண்டே நடந்தார். டாங்கியைப் பார்த்துப் பயமோ என்று கேட்டேன். “அதெல்லாம் இல்லப்பா, எழுத்து இருக்கே, கால் படலாமா?” என்றார். அது நெய்தவருக்கே தெரியாத எழுத்து, திரும்பிக் கிடக்கிறது என்று விளக்கினேன். “தெரியாம எழுதினாலும் எழுத்துதானே” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது அதைப் பின்பக்கம் மேலே தெரிய மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். ஓரத்தில் ஓர் அட்டை: அளவு, முடிச்சுக் கணக்கு, வாங்கிய தேதி, கொடுத்த விலை. நெய்தவர் என்ற இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதியிருக்கிறேன்.