வன்னி நாவல்கள் மூன்று: சில வாசிப்பு எண்ணங்கள்

வன்னி நிலத்தைக் களமாகக் கொண்ட மூன்று நாவல்களை அண்மையில் அடுத்தடுத்துப் படிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973), செங்கை ஆழியானின் 'காட்டாறு' (1977), தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013) என்பன அவை. முதலிரண்டும் நாம் முன்னரே படித்தவை. ஆயினும் மூன்றாவதைப் படித்தபின் முதலாவதை மீண்டும் கையிலெடுத்தபோது, பழைய வாசிப்பு எமக்குப் போதியதாகத் தோன்றவில்லை.

வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசும் பெற்ற 'நிலக்கிளி'யின் களம் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பு. தந்தை கோணாமலையாரின் விருப்பை மீறிப் பதஞ்சலியைக் கைப்பிடிக்கும் கதிராமன், காடு வெட்டித் தனக்கென ஒரு வாழ்வை அமைக்கிறான். மண்வாசனை என்ற சொல் ஈழத்து விமர்சனத்தில் மலிந்திருந்த காலம் அது. சில பேச்சுவழக்குச் சொற்களையும் இரண்டொரு ஊர்ப்பெயர்களையும் தூவிவிட்டால் அவ்வாசனை வந்துவிடும் என நம்பியோர் பலர். பாலமனோகரனிடம் அக்குறை இல்லை. காடு பற்றிய அறிவு அவருடைய மாந்தரின் உழைப்போடு ஒன்றியே வருகிறது. வேட்டையோ காடுவெட்டலோ வருணனைக்காக நிறுத்திவைக்கப்படுவதில்லை. கதிராமன் எத்தகையவன் என்பதை அவன் பேச்சைக் காட்டிலும் அவன் கைகளே எமக்கு அறிவிக்கின்றன.

எனினும் ஒன்றில் ஆசிரியருடன் எமக்கு உடன்பாடில்லை. உயரப் பறக்காது நிலத்தையொட்டி வாழும் பறவையை அவர் பதஞ்சலிக்கு உவமையாக்குகிறார். உவமை அழகியது, அதனாலேயே கவனத்துக்குரியது. பள்ளி ஆசிரியன் சுந்தரத்தின் வருகையால் அவள் வாழ்வில் எழும் சிக்கலில், அவள் என்ன எண்ணினாள் என்பதைவிட அவள் எத்துணைப் பேதை என்பதையே அவ்வுவமை முன்னிறுத்துகிறது. காட்டோடு வளர்ந்த ஒருத்தியைப் பேதையெனக் கொள்வது எங்ஙனம்? முதல் வாசிப்பில் (அப்போது நாம் மாணவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்) இவ்வினா எமக்குத் தோன்றவேயில்லை.

'காட்டாறு' பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. நிர்வாக சேவையிலிருந்த க. குணராசாவே செங்கை ஆழியான். ஆதலால், வன்னி விவசாயி சுரண்டப்படும் வழிகளை உள்ளிருந்து அறிந்தவரின் சினம் அதிலுண்டு. ஆனால் மாந்தர் நல்லவர், தீயவர் என விரைவிலேயே இரு பக்கமாகப் பிரிந்துவிடுகின்றனர்.

'ஊழிக்காலம்' 2009இல் முடிந்த போரின் இறுதிக்கட்ட இடப்பெயர்வுகளைக் கூறுவது. கட்டமைப்பில் அது தளர்ந்த நூல். நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிகின்றன. இதனைக் குறையென்றே முதலில் குறித்துவைத்தோம். பாதி கடந்தபின், தறப்பாளைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் பதுங்குகுழி வெட்டுவதுமாக நகரும் வாழ்வுக்கு வேறு கட்டமைப்பு பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது. அடுப்பு, தண்ணீர், பிள்ளைகளின் பசி ஆகியவற்றின் கணக்கைப் பெண்ணொருத்தியே இங்கு வைத்திருக்கிறாள். அவளுக்கு உவமை தேட ஆசிரியருக்கு நேரமில்லை. பதஞ்சலிக்குக் கிட்டாத சொல்லுரிமை வன்னி நாவலில் இங்கேதான் ஒரு பெண்ணுக்குக் கிட்டியிருக்கிறது என்பது எமது எண்ணம்.

இதன்பின்னரே 'நிலக்கிளி'யை மீண்டும் திறந்தோம். தண்ணிமுறிப்பு மக்கள் 1984 டிசெம்பரில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்நாவல் வெளிவந்து அப்போது 11 ஆண்டுகளே ஆகியிருந்தன. கதிராமன் காடு வெட்டும் பக்கங்களை நாம் முன்னர் விரைந்து கடந்திருந்தோம். இம்முறை அவற்றில் நெடுநேரம் நின்றோம்.