"பிழை இல்லை" என்றால் பலகை உருவாகிவிடுமா?
கீகேட் மென்பொருளின் விதிச் சோதனை: ஒரு மதிப்பீடு

வானொலிப் பெட்டியையோ கைப்பேசியையோ திறந்து பாருங்கள். உள்ளே பச்சை நிறப் பலகை ஒன்றும் அதன்மேல் செம்புத் தடங்களும் தெரியும். இதுவே அச்சிட்ட மின்சுற்றுப் பலகை. கம்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் பற்றவைக்கும் முறைக்கு மாற்றாக, 1936-இல் இங்கிலாந்தில் பால் ஐஸ்லர் இத்தகைய சுற்றைக் கொண்ட வானொலி ஒன்றைச் செய்து காட்டினார். இன்று கல்லூரி மாணவர் ஒருவர்கூடத் தம் கணிப்பொறியில் பலகையை வரைந்து, கோப்புகளைத் தொழிற்சாலைக்கு அனுப்பி, பலகையாகவே பெற்றுக்கொள்ள முடிகிறது.

வரைந்தவை யாவும் பலகையாக உருப்பெறுவதில்லை. தடம் மிக மெல்லியதாக இருந்தால் அறுந்துபோகும். இரு தடங்கள் மிக நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும். இவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவுவதே வடிவமைப்பு விதிச் சோதனை, சுருக்கமாக, டி.ஆர்.சி. மாணவர்களிடையே பெரிதும் வழங்கும் கீகேட் என்ற மென்பொருளில் இச்சோதனை எப்படி அமைந்துள்ளது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கருவியின் சிறப்பு

பிரான்சு நாட்டில் கிரெனோபிள் நகரக் கல்வி நிலையம் ஒன்றில் பணியாற்றிய ழான்-பியேர் ஷராஸ் 1992-இல் கீகேட்டைத் தொடங்கினார். பின்னாளில் ஜெனீவாவிலுள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தினர் இதன் வளர்ச்சிக்குப் பெரிதும் உதவினர். எவரும் கட்டணமின்றிப் பெறலாம். பலகையின் அளவுக்கோ அடுக்குகளின் எண்ணிக்கைக்கோ விலைப்பட்டியல் வைத்து வரம்பு கட்டுவதில்லை. நம் மாணவர்க்கு இது சிறிய நன்மையன்று.

இதன் விதிச் சோதனை தடத்தின் அகலம், தடங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி, துளையின் விட்டம், துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையத்தின் அகலம், பலகையின் விளிம்புக்கும் செம்புக்கும் உள்ள தொலைவு ஆகியவற்றை அளக்கிறது. இரு உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் சொல்கிறது. மின்சுற்று வரைபடத்தில் உள்ள இணைப்பு பலகையில் விடுபட்டிருந்தால் அதையும் காட்டுகிறது. 2021 டிசம்பரில் வெளிவந்த 6-ஆம் பதிப்பு முதல், நாமே புதிய விதிகளை எழுதிச் சேர்க்கவும் வழியுண்டு. எடுத்துக்காட்டாக, உயர் மின்னழுத்தத் தடங்களுக்கு மட்டும் கூடுதல் இடைவெளி வேண்டும் என்று விதிக்கலாம். ஆயிரம் தடங்களைக் கண்ணால் சரிபார்க்க இயலாது. கருவியோ சில நொடிகளில் முடித்துவிடும். இவ்வளவும் பாராட்டுக்குரியவை.

எண்கள் எங்கிருந்து வருகின்றன?

குறை அடுத்து வருகிறது. சோதனை முடிந்து "பிழை 0" என்று திரையில் தெரிந்தவுடன், பலகை தொழிற்சாலைக்குத் தகுதியாகிவிட்டது என்று பலர் நினைக்கின்றனர். அந்தப் பூச்சியத்தின் பொருள் வேறு. வரைபடம் அதில் இடப்பட்ட எண்களுக்கு உடன்பட்டுள்ளது என்பதே அதன் பொருள். அவை யாருடைய எண்கள்? நீங்கள் மாற்றாவிட்டால், மென்பொருளோடு வந்த தொடக்க எண்கள். தடங்களுக்கு இடையே 0.2 மில்லிமீட்டர் என்பது அவற்றுள் ஒன்று. உங்கள் தொழிற்சாலைக்கு 0.15 மில்லிமீட்டர் போதுமா, 0.3 வேண்டுமா என்பது கீகேட்டுக்குத் தெரியாது. அது கேட்பதும் இல்லை. புதிய பலகையைத் தொடங்கும்போதே "எந்தத் தொழிற்சாலை? எத்தனை அடுக்கு? செம்பின் தடிப்பு என்ன?" என்று கேட்டு எண்களை நிரப்பச் செய்திருந்தால், கற்பவர்க்குப் பெரும் பயன் விளைந்திருக்கும்.

இந்த எண்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் இயற்பியலோ வேதியியலோ நிற்கிறது. இரண்டை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, செம்பின் தடிப்பு. பொதுவான பலகையில் செம்புப் படலம் 35 மைக்ரோமீட்டர் தடிப்புடையது. வேண்டாத செம்பை அரிப்புக் கரைசல் கரைக்கும்போது, அது கீழ்நோக்கி மட்டும் செல்வதில்லை. காப்புப் படலத்தின் அடியில் பக்கவாட்டிலும் அரிக்கிறது. பக்கத்துக்கு 15 மைக்ரோமீட்டர் அரித்தது என்று வைத்துக்கொள்வோம். 500 மைக்ரோமீட்டர் அகலமுள்ள தடம் 470 ஆகும். இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. 100 மைக்ரோமீட்டர் தடமோ 70 ஆகிவிடும்! இதை ஈடுசெய்யத் தொழிற்சாலையார் தடத்தை முன்கூட்டியே சற்று அகலமாக்குவர்; அதனால் இடைவெளி குறுகும். செம்பு 70 மைக்ரோமீட்டர் என்றால் பக்க அரிப்பும் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகவே தடித்த செம்புக்கு அதிக இடைவெளி தேவை. கீகேட்டில் செம்பின் தடிப்பைக் குறிக்க இடமுண்டு. ஆயினும் அதை 35-இலிருந்து 70 ஆக மாற்றினாலும் இடைவெளியின் எல்லை தானாக உயர்வதில்லை. இரு செய்திகளும் ஒரே கோப்பில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கின்றன. இதைக் குறை என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, துளையைச் சுற்றியுள்ள வளையம். 0.6 மில்லிமீட்டர் செம்பு வட்டத்தின் நடுவே 0.3 மில்லிமீட்டர் துளை என்று வரைகிறீர்கள். வளையத்தின் அகலம் 0.15 என்று கருவி கணக்கிடும். பட்டறையில் நடப்பதைப் பாருங்கள். துளையின் உட்சுவரில் செம்பு முலாம் படிவதால் விட்டம் குறையும். எனவே முடிவில் 0.3 கிடைக்க 0.4 மில்லிமீட்டர் துளைக்கருவியை எடுப்பர். வளையம் 0.1 ஆயிற்று. துளைக்கருவி நடுப்புள்ளியிலிருந்து 0.075 மில்லிமீட்டர் விலகினால், ஒரு பக்கத்தில் எஞ்சுவது 0.025 மட்டுமே. தலைமுடியின் பருமனைவிடக் குறைவு! திரையில் 0.15 ஆகத் தெரிந்த வளையம் பலகையில் இந்த நிலைக்கு வந்துவிடுகிறது. எண்ணைப் போடும்போது இந்த இரு கழித்தல்களையும் நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும்.

சோதனை காணாதவை

விதிச் சோதனை வடிவத்தை அளக்கிறது, வெப்பத்தை அளப்பதில்லை. செம்பின் வெப்பங்கடத்தும் திறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட். பலகையின் கண்ணாடி இழைப் பொருளுக்கோ ஏறத்தாழ 0.3 வாட்தான். ஓர் உறுப்பின் கால் அகன்ற செம்புப் பரப்போடு நேரடியாக இணைந்திருந்தால், பற்றவைக்கும் கோலின் வெப்பத்தை அப்பரப்பு உறிஞ்சிக்கொள்ளும். பற்றாசு சரியாக உருகாது. இதைத் தவிர்க்கவே வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல் குறுகிய பாலங்களால் இணைப்பர். ஆரக்கால்களின் எண்ணிக்கை குறைந்தால் கீகேட்டின் அண்மைப் பதிப்புகள் எச்சரிக்கின்றன. ஆனால் முழு இணைப்பு வேண்டும் என்று நீங்களே குறித்துவிட்டால் மறுபேச்சின்றி ஏற்கின்றன.

இன்னொன்று. 1 மில்லிமீட்டர் நீளமே உள்ள சிறு மின்தடையின் ஒரு முனை மெல்லிய தடத்தோடும் மறுமுனை பெரிய செம்புப் பரப்போடும் இணைந்திருக்கிறது எனக் கொள்வோம். உலையில் மெல்லிய தடத்தின் பக்கமுள்ள பற்றாசு முதலில் உருகும். அதன் பரப்பு இழுவிசை மின்தடையை ஒரு பக்கமாக இழுத்து, செங்குத்தாக நிறுத்திவிடும்! தொழிற்சாலையார் இதைக் கல்லறைக் கல் என்பர். இப்பிழையை இச்சோதனை காண்பதில்லை. அகலம் சரி, இடைவெளி சரி. எனவே பிழை 0.

மௌனமாக்கும் வசதி

ஒவ்வொரு விதிமீறலையும் "பிழை", "எச்சரிக்கை", "புறக்கணி" என மூன்று நிலைகளில் ஒன்றாக வைக்கலாம். தனித்தனி மீறல்களை விலக்கியும் வைக்கலாம். அனுபவமுள்ளவர்க்கு இது தேவையான வசதியே. பலகையின் விளிம்பில் வேண்டுமென்றே நீட்டிய இணைப்பியைக் கருவி ஒவ்வொரு முறையும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாதல்லவா? ஆனால் தொடக்க நிலை மாணவர், திட்ட அறிக்கைக்கு நாள் நெருங்கும்போது, நாற்பது எச்சரிக்கைகளைக் கண்டதும் "புறக்கணி" என்பதையே நாடுவார். காய்ச்சல் குறையவில்லை என்று வெப்பமானியை ஒளித்துவைப்பது போன்றது இது. விதி மீறப்பட்டது என்று கருவி சொல்கிறது. அவ்விதி ஏன் உள்ளது, மீறினால் எது பழுதாகும் என்று சொல்வதில்லை. காரணம் தெரியாத கட்டளையை மனிதர் எளிதில் மீறுவர். ஒவ்வொரு விதிக்கும் இரண்டு வரி விளக்கம் சேர்த்திருந்தால் கருவியே ஓர் ஆசிரியராகியிருக்கும்.

என்ன செய்யலாம்?

இக்குறைகளுக்காகக் கருவியைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. வரைவதற்கு முன்பே தொழிற்சாலை வெளியிட்டுள்ள திறன் பட்டியலைப் பெற்று, அதன் எண்களைக் கருவியில் இடுங்கள். அவர்கள் தரும் கடைசி எல்லையில் நில்லாமல், இடம் இருக்குமிடத்தில் தாராளமாக விடுங்கள், 0.15 இயலும் என்றாலும் 0.25-க்கு இடமிருந்தால் அதையே கொள்ளுங்கள். எச்சரிக்கை ஒன்றை விலக்கினால் காரணத்தை ஏட்டில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் விலக்காதீர்கள். சோதனையைக் கடைசி நாளுக்கு ஒதுக்காமல், வரையும்போதே அடிக்கடி நடத்துங்கள்.

ஒரு பலகை பழுதானால் பணமும் இரண்டு வார உழைப்பும் வீணாகும். அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. "சுற்றே தவறு போலும்" என்று எண்ணி, சரியான கருத்தை மாணவர் கைவிட்டுவிடுவார். கருவி அளந்து சொல்லட்டும். எதை, ஏன் அளக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு வரைபவருடையதே.